போஸ்னியாவில் 6 நாள்: செம்பு ஜெஸ்வா, செவ்தாலிங்கா, முட்டை சேராத சைவச் சாப்பாடு

வைகைக்கரை:

வணக்கம். செப்டம்பர் இரண்டாம் வாரம் அம்மாவும் நானும் போஸ்னியா போகிறோம். விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் முடிந்துவிட்டன. சரயேவோவில் 4 இரவு, மோஸ்தாரில் 2 இரவு. போர்க்காலத்து இடங்களைப் பற்றித் தேடினால் நிறையக் கிடைக்கிறது. அந்த ஊர்க் கைத்தொழில், பாட்டு, சமையல் பற்றி உருப்படியாக எதுவும் தமிழில் கிடைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்.

செம்பு காபி செட் ஒன்று வாங்க வேண்டும். கையால் அடித்ததையும் இயந்திரத்தில் அச்சடித்ததையும் கடையில் நின்றபடியே பிரித்தறிய முடியுமா? வாங்கி வந்தால் நம் கேஸ் அடுப்பில் வைத்துப் புழங்கலாமா?

அந்த ஊர் மரபுப் பாட்டான செவ்தாலிங்காவை நேரில் எங்கே கேட்பது?

அம்மா சுத்த சைவம், முட்டையும் ஆகாது. எனக்கு மாட்டிறைச்சியும் பன்றியும் வேண்டாம், மற்றவை சாப்பிடுவேன். என்ன கேட்டு வாங்குவது?

கோன்யிட்ஸ் மரச்செதுக்கு, பான்யா லூகா பக்கத்து நீலநூல் எம்பிராய்டரி இரண்டையும் பார்க்க நாள் போதுமா?

*

செம்புத்தட்டு:

செம்பைப் பற்றி நான் சொல்கிறேன். சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் வேறு ஆட்கள் வருவார்கள்.

சரயேவோவின் பழைய கடைத்தெரு பாஷ்சார்ஷியா. 15ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் ஆட்சியில் உருவானது. அங்கே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு. செம்பு வேலைக்காரர்களின் தெருவுக்குப் பெயர் கசாந்ஜிலுக். செபில் என்ற தண்ணீர் மண்டபம் நிற்கும் சதுக்கத்தை ஒட்டியே அதன் வாய் இருக்கிறது. காலை 10 மணிக்கு மேல் போங்கள். தெருவுக்குள் நுழைந்ததும் பொருளைப் பார்க்க வேண்டாம், சத்தத்தைக் கேளுங்கள். சுத்தியல் சத்தம் வரும் கடைக்கு முதலில் போங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலில் தொழுகைக்காகச் சில பட்டறைகள் கொஞ்ச நேரம் பூட்டியிருக்கும்.

பிரித்தறிய எளிய வழி, ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஜெஸ்வாவை எடுத்து அருகருகே வைப்பது. (ஜெஸ்வா என்பது நீளக் கைப்பிடி வைத்த, கழுத்து குறுகிய காபிச் செம்பு.) பூவேலையில் ஒவ்வொரு வளைவும் இரண்டிலும் அச்சு மாறாமல் இருந்தால் அது இயந்திரம். கை வேலையில் கோட்டின் ஆழம் கூடிக் குறையும், வட்டம் முடிகிற இடத்தில் இதழ்களுக்கு இடையே இடைவெளி கொஞ்சம் நெருங்கியோ விலகியோ இருக்கும். அடுத்து, சுத்தியல் தடம். கையால் அடித்ததில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், அடிப்பாகத்தில் பெரிதாகவும் கழுத்தில் சிறிதாகவும் மாறும். அச்சில் வந்ததில் தேன்கூடு போல ஒரே அளவில் வரிசையாக நிற்கும். மூன்றாவது, கையில் தூக்கிப் பாருங்கள். மெல்லிய தகட்டுப் பொருள் காற்றுப்போல் இருக்கும், விளிம்பை இரு விரலால் அழுத்தினால் நெளியும்.

இரண்டு வேலைகள் இருப்பதையும் மனதில் வையுங்கள். பாத்திரத்தை உருட்டி அடிப்பது ஒன்று, மேலே கொத்திப் பூவேலை செய்வது இன்னொன்று. பல கடைகளில் தயாராக வந்த பாத்திரத்தை வாங்கி, பூவேலை மட்டும் அங்கேயே செய்கிறார்கள். அது ஏமாற்று வேலையில்லை, ஆனால் விலை அதற்கேற்ப இருக்க வேண்டும். "இதில் எது இங்கே செய்தது?" என்று நேராகக் கேளுங்கள், சொல்வார்கள். சில பட்டறைகளில் வருகிறவர்களுக்கே சிறு தட்டும் உளியும் கொடுத்து ஒரு மணி நேரம் கொத்தக் கற்றுக்கொடுப்பார்கள். முதல்நாள் போய் நேரம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. அங்கே எல்லோரும் செய்யும் தவறு, உளியை அதிகம் செங்குத்தாகப் பிடிப்பது. செங்குத்தாகப் பிடித்தால் முனை தகட்டில் குத்தி நின்றுவிடும், கோடு ஓடாது. நன்றாகச் சாய்த்துப் பிடித்து, பெரிய அடியாக இல்லாமல் நெருக்கமான சின்ன அடிகளாகத் தட்டிக்கொண்டே நகர்த்த வேண்டும்.

பட்டறையில் பாத்திரத்தை நெருப்பில் சிவக்கக் காய்ச்சுவதைப் பார்த்தால் நின்று கவனியுங்கள். செம்பு அடிபட அடிபட விறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் அடித்தால் விளிம்பில் கீறல் விடும். காய்ச்சினால் மறுபடி இளகும். ஒரு நல்ல பாத்திரம் முடிவதற்குள் இப்படிப் பலமுறை நெருப்புக்குப் போய் வரும். கைவேலைக்கு விலை கூடுவதற்கு அதுவே பாதிக் காரணம்.

இனி அடுப்பில் வைக்கலாமா என்பது. உள்ளே வெள்ளையாக மின்னுவது வெள்ளீயப் பூச்சு. போஸ்னிய மொழியில் அதற்குப் பெயர் 'கலாய்', பூசுகிறவர் 'கலாய்ஜியா'. நம் ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவது என்கிறோமே, அதே சொல்தான், அரபியிலிருந்து துருக்கி வழியாக அங்கேயும் உருது வழியாக இங்கேயும் வந்தது. வேலையும் அதேதான்: பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி அழுக்கெடுத்து, உருகிய வெள்ளீயத்தைப் பஞ்சால் இழுத்துப் பூசுவது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும். காலி ஜெஸ்வாவைக் கேஸ் அடுப்பில் ஒரு நிமிடம் மறந்தால் பூச்சு திரண்டு ஓடிவிடும், உள்ளே சிவப்புத் தெரியும். சிவப்புத் தெரிகிற பாத்திரத்தில் காபி போடக்கூடாது. தண்ணீர் ஊற்றிய பிறகே, சிறு தீயில் வையுங்கள். நம் பர்னர் தாங்கியில் சின்ன ஜெஸ்வா கவிழும், மேலே ஒரு கம்பித் தட்டு தேவைப்படும்.

போஸ்னிய வீடுகளில் தினப்படி காபி போடுவது பெரும்பாலும் எனாமல் பூசிய ஜெஸ்வாவில்தான். செம்பு செட் பரிமாறுவதற்கு. தினமும் புழங்க வேண்டுமென்றால் எனாமலில் ஒன்று, பரிமாறச் செம்பில் ஒன்று என்று வாங்குங்கள். எனாமல் ஜெஸ்வா விலை மலிவு, சாதாரணப் பாத்திரக் கடையிலேயே கிடைக்கும்.

பூச்சு தேய்ந்த பிறகு நம் ஊரிலேயே மறுபூச்சு போடலாம். ஆனால் பூசுகிறவரிடம் "ஈயம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நம் பேச்சில் அந்தச் சொல் காரீயத்துக்கும் வெள்ளீயத்துக்கும் பொதுவாகிவிட்டது. காரீயம் கலந்தது விஷம். கலப்பில்லாத வெள்ளீயம் என்று அழுத்திச் சொல்லுங்கள். இன்னொன்று: பழக்கதோஷத்தில் புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பூவேலைப் பள்ளங்களில் கருமை ஏற்றியிருப்பார்கள், வடிவம் எடுப்பாகத் தெரிவது அதனால்தான். புளி அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். உள்ளே கம்பிநார் படவே கூடாது.

*

அஞ்சறைப்பெட்டி:

சாப்பாடு என் பங்கு.

அம்மாவுக்குப் பட்டினி வராது, ஆனால் கவனம் வேண்டும். மூன்று சொற்களைத் தமிழிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'பெஸ் மேசா' இறைச்சி இல்லாமல். 'பெஸ் யாயா' முட்டை இல்லாமல். 'போஸ்னோ' என்பது ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரதச் சாப்பாடு. அதில் இறைச்சி, பால், முட்டை மூன்றும் இருக்காது, ஆனால் மீன் இருக்கலாம். பான்யா லூகா பக்கம் இந்தச் சொல்லுக்கு நல்ல மதிப்பு, சரயேவோ பழைய நகரத்தில் முதல் இரண்டு சொற்களே போதும்.

முக்கியமான பண்டம் பீத்தா. மெல்லிய மாவுத்தாளில் பூரணம் வைத்துச் சுருட்டி, பெரிய வட்டத் தட்டில் சுழித்துச் சுட்டது. போஸ்னியாவில் பூரெக் என்றால் இறைச்சி வைத்தது மட்டும்தான். மற்ற நாடுகளில் சீஸ் பூரெக் என்பார்கள், அங்கே அப்படிக் கேட்டால் திருத்துவார்கள். சீஸ் வைத்தது சிர்னிட்சா, கீரை வைத்தது ஸெல்யானிட்சா, உருளைக்கிழங்கு வைத்தது க்ரொம்பிருஷா, பூசணி வைத்தது திக்வெனிட்சா. இவற்றில் சிர்னிட்சாவையும் ஸெல்யானிட்சாவையும் அம்மாவுக்கு வாங்காதீர்கள். சீஸ் பூரணம் இறுகுவதற்கு முட்டை அடித்து ஊற்றுவது வழக்கம், கீரையிலும் சீஸும் முட்டையும் கலக்கும். க்ரொம்பிருஷாதான் சரி: உருளை, வெங்காயம், மிளகு, உப்பு, எண்ணெய். கடைக்காரர் எண்ணெயோடு விலங்குக் கொழுப்பு சேர்க்கிறாரா என்று மட்டும் கேட்டுவிடுங்கள், சில கடைகளில் அந்தப் பழக்கம் உண்டு.

எடை போட்டுத்தான் விற்பார்கள். ஒரு ஆளுக்கு 250 கிராம் போதும், 'ச்செத்வர்த் கிலே' என்றால் கால் கிலோ. சாச் என்ற இரும்பு மூடிக்கு மேலே தணல் அள்ளிப் போட்டுச் சுடுகிற கடையைத் தேடுங்கள். 'இஸ்போத் சாச்சா' என்று பலகை இருக்கும். மேலிருந்து வரும் அந்த வறண்ட சூட்டில்தான் மேல்தாள் நொறுங்கும், அடி மெத்தென்று இருக்கும். மின் அடுப்பில் சுட்டது அந்த மாதிரி வராது. காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குள் சாப்பிடுங்கள். மாலையில் கிடைப்பது காலையில் சுட்டதன் மிச்சமாக இருக்கலாம், தோல்போல் இழுபடும்.

பீன்ஸ் குழம்பு 'க்ராஹ்' சைவம் போலத் தோன்றும், உள்ளே புகைபோட்ட இறைச்சித் துண்டு இருக்கும். 'பேகோவா ச்சோர்பா' என்ற சூப்பில் நம் வெண்டைக்காய் உண்டு. சுண்டுவிரல் நுனி அளவு வெண்டையை நூலில் கோத்துக் காயவைத்து, அதை ஊறவைத்துப் போடுவார்கள். வழவழப்பு இல்லாமல் சூப்பைக் கெட்டியாக்கும் பக்குவம் அது. ஆனால் அடிப்படை கோழி, சில இடங்களில் கன்றிறைச்சி. நீங்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடலாம், அம்மாவுக்கு ஆகாது.

செவாப்பி (கரியில் சுட்ட சின்ன இறைச்சி உருளை) நாட்டின் அடையாளமே என்றாலும் அது மாட்டிறைச்சி, உங்களுக்கும் வேண்டாம். ஆனால் அதே கடையில் சோமுன் ரொட்டியும் காய்மாக்கும் தனியாகத் தருவார்கள். காய்மாக் என்பது பாலைக் காய்ச்சி ஆடை எடுத்து அடுக்கடுக்காகச் சேர்த்து உப்பிட்டது. சீஸில் பாலைத் திரிப்பதற்குக் கன்றுக்குட்டி வயிற்று நொதி பயன்படும், சுத்த சைவர்கள் அதைத் தவிர்ப்பார்கள். காய்மாக்கில் அந்த நொதியே கிடையாது, வெறும் பாலாடை. சோமுனைக் கரிமேல் வாட்டுகிற கம்பியில்தான் இறைச்சியும் வேகும், எனவே வாட்டாமல் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் போகும் மாதம் சிவப்புக் குடைமிளகாய்க் காலம். வீட்டு முற்றங்களில் மூட்டை மூட்டையாகச் சுட்டுத் தோலுரித்து 'ஐவார்' கிண்டுவார்கள். சுட்ட மிளகாய், எண்ணெய், உப்பு, கொஞ்சம் வினிகர், சிலர் கத்திரிக்காயும். நம் துவையல் ஜாதி. சந்தையில் வீட்டுத் தயாரிப்பாகவே பாட்டிலில் கிடைக்கும். சோமுன், காய்மாக், ஐவார், தக்காளி, வெள்ளரி இவை இருந்தால் அம்மாவின் ஒருவேளை சாப்பாடு முடிந்தது.

இனிப்பில் பக்லாவா, கதாயிஃப் இரண்டும் பெரும்பாலும் முட்டையில்லாதவை. ஹுர்மாஷிட்சா, துலும்பா இரண்டிலும் மாவிலேயே முட்டை. துஃபாஹியா என்றொன்று உண்டு: தோல் சீவிய ஆப்பிளைப் பாகில் வேகவைத்து, நடுவைக் குடைந்து வால்நட் அடைத்து, மேலே அடித்த க்ரீம். இதை விடாதீர்கள். குளிர வைத்துத் தருகிற கடையில் வாங்குங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் ஆப்பிள் குழைந்து பாகு தண்ணீராகிவிடும்.

உங்களுக்கு: நெரெத்வா ஆற்றுக்கரையில் யப்லானிட்சா ஊர் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்துச் சுடுவதற்குப் பேர்போனது. கோன்யிட்ஸிலிருந்து மோஸ்தார் போகும் வழி. 'யாக்னெத்தினா' என்று கேளுங்கள், 'தெலெத்தினா' என்றால் கன்று, குழப்பிக்கொள்ளாதீர்கள். மோஸ்தார் பக்கத்தில் ப்லாகாய் போனால் ஆற்று மீன் 'பஸ்த்ர்ம்கா'.

*

வைகைக்கரை:

மிக்க நன்றி இருவருக்கும். காபியை அங்கே எப்படிக் குடிப்பது என்று முறை ஏதும் உண்டா? பீத்தா சுடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் சேர அம்மாவுக்கு ஆசை. எதைக் கவனிக்கச் சொல்லட்டும்?

*

செம்புத்தட்டு:

காபி முறை: தட்டில் ஜெஸ்வா, கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணம் ஃபில்ஜான், சர்க்கரைக் கட்டி, ரஹாத் லோகும் என்ற மிட்டாய் ஒரு துண்டு, ஒரு தம்ளர் தண்ணீர் வரும். முதலில் தண்ணீர் ஒரு வாய். ஜெஸ்வாவின் மேல் நுரையைச் சின்னக் கரண்டியால் எடுத்து ஃபில்ஜானில் போட்டு, அதன்மேல் காபியை மெதுவாக ஊற்றுங்கள். சர்க்கரையைக் கிண்ணத்தில் போட்டுக் கலக்குவதில்லை. கட்டியின் ஓரத்தைக் காபியில் தோய்த்து, கடித்து, நாக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். கலக்கினால் அடியில் படிந்த தூள் எழுந்து கடைசிவரை வாயில் நெருடும். ஜெஸ்வாவில் கடைசி ஒரு விரல் அளவை விட்டுவிடுங்கள்.

துருக்கிக் காபியிலிருந்து இது வேறு. துருக்கியில் குளிர்ந்த நீர், தூள், சர்க்கரை மூன்றையும் சேர்த்தே ஏற்றுவார்கள். போஸ்னியாவில் தண்ணீரை முதலில் கொதிக்க வைத்து, அதில் ஒரு ஃபில்ஜான் அளவு தனியே எடுத்து வைத்துவிட்டு, ஒரு கிண்ணத்துக்குக் குவித்த ஒரு டீஸ்பூன் தூள் வீதம் போட்டு, கொதிநீரை ஊற்றுவார்கள். நுரை பொங்கும். வழிவதற்குள் இறக்கி, அடங்கியதும் மறுபடி ஒருமுறை பொங்கவிட்டு, எடுத்து வைத்த நீரைச் சேர்த்தால் தூள் அடியில் இறங்கும். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து ஊற்ற வேண்டும். வீட்டில் செய்யும்போது நம் ஃபில்டர் காபித் தூள் சரிவராது. அது கொரகொரப்பு, சிக்கரி வேறு கலந்திருக்கும். சரயேவோவில் வறுத்து அரைக்கிற கடையில் அரைக்கிலோ வாங்கி வாருங்கள், முகப்பவுடர்போல் நைஸாக இருக்கும்.

*

ஒற்றைத்தந்தி:

செவ்தாலிங்கா பற்றி. 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுக் கலைப் பட்டியலில் சேர்ந்தது. நகரத்து வீடுகளின் பாட்டு இது. செவ்தா என்ற சொல்லுக்குத் துருக்கியில் காதல், அதன் அரபு வேர் கரும்பித்தத்தைக் குறிப்பது. காதலும் சோர்வும் சேர்ந்த அந்த மனநிலைதான் பாட்டின் பொருள்.

கேட்பதற்கு முன் காதைப் பழக்கிக்கொண்டு போனால் பலன் அதிகம். 1945இல் தொடங்கிய ரேடியோ சரயேவோவின் பதிவுகளில் ஸயிம் இமாமோவிச், ஹிம்ஸோ போலொவினா, சஃபெத் இசோவிச், நாதா மமுலா ஆகியோரைக் கேளுங்கள். போலொவினா தொழிலால் மனநல மருத்துவர். அவர் ஒரு சொல்லை எவ்வளவு நிதானமாக விடுகிறார் என்று பாருங்கள், அலங்காரமே இல்லாமல் உருக்குவார். இன்றைய பாடகர்களில் தாமிர் இமாமோவிச் (ஸயிமின் பேரன்), அமிரா மெதுன்யானின். மோஸ்தார் செவ்தா ரீயூனியன் குழுவின் பழைய ஆல்பங்களும் உண்டு. நம் காதுக்கு ஒரு பிடிமானம்: பல பாட்டுகளில் சுத்த ரிஷபத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குத் தாவும் அந்தப் பெரிய இடைவெளி வரும், மாயாமாளவகௌளையின் முன்பாதி போல. ஆனால் கமகம் நம்முடையது அல்ல. ஸ்வரத்தை நேராகப் பிடித்து, முடிவில் மட்டும் சின்ன உதறல்.

சரயேவோவில் ஹலாச்சி தெருவில், ஒரு பழைய பண்டகசாலைக் கட்டடத்தில் 'ஆர்ட் குச்சா செவ்தாஹா' இருக்கிறது. செவ்தாவுக்கென்றே உள்ள சிறிய அருங்காட்சியகம். பாடகர்களின் படங்கள், இசைக்கருவிகள், பதிவுகள். முற்றத்தில் காபிக்கு உட்காரலாம். முதல் நாளே அங்கே போய், அந்த வாரம் யார் எங்கே பாடுகிறார்கள் என்று கேளுங்கள். ஜூலை மாதம் என்றால் பாஷ்சார்ஷியா இரவுகள் விழாவே இருந்திருக்கும், செப்டம்பரில் இப்படிக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

உணவகங்களில் இரவு வாசிப்பவை எல்லாம் செவ்தா இல்லை. கீபோர்டும் பெரிய ஸ்பீக்கரும் இருந்தால் பெரும்பாலும் பிற்காலத்து நாட்டுப்புற மெட்டுப் பாட்டுகள். ஒரு அக்கார்டியன், ஒரு கிதார், ஒரு குரல் என்றால் உட்காரலாம். சாஸ் என்ற நீளக் கழுத்துத் தந்தி வாத்தியத்தோடு ஒருவர் தனியாகப் பாடுவது கிடைத்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அங்கே போங்கள். அக்கார்டியன் ஆஸ்திரிய-ஹங்கேரி காலத்தில் வந்து சேர்ந்தது, சாஸ் அதற்கு முந்தியது. சாஸோடு பாடும்போது தாளம் இறுகக் கட்டியிருக்காது, மூச்சுக்கு ஏற்ப நீளும். அதனால் நடுவில் கைதட்டித் தாளம் போட்டால் பாடுகிறவருக்குக் கஷ்டம். பாட்டு முடிந்து ஒரு மூச்சு விட்டுத் தட்டுங்கள்.

செம்போடு சம்பந்தப்பட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். பெண்கள் தெப்ஸியா என்ற அகலமான உலோகத் தட்டை விளிம்பில் செங்குத்தாக நிறுத்தி, தாழ்வான மேசைமேல் காசைச் சுழற்றுவதுபோல் கையால் சுழலவிட்டு, அது எழுப்பும் ரீங்காரத்தைச் சுருதியாக வைத்துப் பாடும் மரபு உண்டு. குரல் தட்டில் பட்டு நடுங்கித் திரும்பும். சுற்றுலா மேடைகளில் அரிது. அருங்காட்சியகத்திலோ கைத்தொழில் வீட்டிலோ வயதான பெண்களிடம் கேட்டால் செய்துகாட்ட வாய்ப்புண்டு.

*

நெரெத்வா:

பயணத் திட்டத்தில் ஒரு மாற்றம் சொல்கிறேன். பான்யா லூகாவை விட்டுவிடுங்கள். சரயேவோவிலிருந்து பஸ்ஸில் போகவே அரைநாள் போய்விடும். நீங்கள் கேட்ட நீலநூல் வேலை, அதாவது ஸ்மியான்யே எம்பிராய்டரி, 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, அருமையானது: தாவரச் சாயத்தில் தோய்த்த கருநீல நூல், வெள்ளைத் துணி, முன்கூட்டி வரையாமல் கைபோன போக்கில் கட்டும் கோண வடிவங்கள். ஆனால் அதற்குத் தனியாக ஒரு பயணம் வேண்டும். 6 நாளில் திணித்தால் மற்றவையும் கெடும்.

கோன்யிட்ஸ் வழியிலேயே இருக்கிறது. சரயேவோவிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதே தடம் மோஸ்தாருக்குப் போகிறது. மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும், பார்க்கக் கண் போதாது. ரயில்கள் நாளுக்கு இரண்டு மூன்றுதான். காலை ரயிலில் கோன்யிட்ஸ் இறங்கி, மாலை ரயிலிலோ பஸ்ஸிலோ மோஸ்தார் போங்கள். மோஸ்தாரில் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். பஸ்ஸில் பெட்டி ஏற்றுவதற்கு நடத்துநர் தனியாகச் சில்லறை கேட்பார். 1 யூரோவுக்கு 1.95583 போஸ்னிய மார்க் என்பது நிலையான விகிதம், ஆகவே 2 மார்க் ஒரு யூரோ என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சின்னப் பட்டறைகளில் ரொக்கம்தான் நடக்கும்.

கோன்யிட்ஸ் மரச்செதுக்கு 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. குடும்பப் பட்டறைகளில் பார்த்துப் பார்த்துக் கற்கிற தொழில். வால்நட், மேப்பிள், செர்ரி மரங்கள் புழக்கத்தில் உண்டு. பட்டறையில் பழைய சாமான்களையும் காட்டுவார்கள்: சுவரோர இருக்கை செச்சியா, எட்டுமூலைச் சிறுமேசை பெஷ்குன். வாங்குவதென்றால் சின்ன நகைப்பெட்டியோ தட்டோ போதும். பெட்டியின் மூடியை நாலைந்து முறை திறந்து மூடிப் பாருங்கள். அங்கேயே இறுக்கமாக மூடினால் நம் கடற்கரை ஊர்க் காற்றின் ஈரத்தில் மரம் ஊதித் திறக்கவே வராது. கொஞ்சம் தளர்வாக மூடுவதை எடுங்கள். ஊர் வந்ததும் ஒரு வாரம் நிழலில் வைத்து, பிறகு மெழுகோ எண்ணெயோ மெல்லிசாகத் தடவுங்கள்.

மோஸ்தாரில் பழைய பாலத்தை ஒட்டிய குயுன்ஜிலுக் தெரு நிறைய வெளிநாட்டுச் சரக்கு. அதிலும் சில செம்புத் தொழிலாளிகள் உண்மையாகவே உட்கார்ந்து கொத்துகிறார்கள், அவர்களிடம் வாங்கலாம். பீரங்கிக் குண்டு உறை, துப்பாக்கித் தோட்டா உறையில் செய்த பேனா, பூச்சாடி எல்லாம் அங்கே தொங்கும். வேலைப்பாடு நன்றாக இருந்தாலும் வாங்காதீர்கள். கைப்பையில் விமான நிலையம் தாண்டாது. பெட்டியில் போட்டாலும் எக்ஸ்ரேயில் தோட்டாவாகத்தான் தெரியும், இந்தியாவில் இறங்கும்போது காலி உறைக்கே ஆயுதச் சட்ட விசாரணை வரலாம்.

ப்லாகாய் மோஸ்தாரிலிருந்து 12 கிலோமீட்டர் அளவில். பாறைக்கடியிலிருந்து பூனா ஆறு பிறக்கிற இடத்தில் சூஃபி மடம். உள்ளே போகத் தலைக்குத் துணியும் முழங்கால் மறைக்கும் உடையும் வேண்டும். அம்மாவின் சேலை முந்தானையே போதும்.

*

அஞ்சறைப்பெட்டி:

பீத்தா வகுப்புக்கு. அம்மாவுக்குப் பரோட்டா வீசிப் பழக்கம் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். ஒரு தட்டுக்குக் கணக்கு: மைதா 500 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் ஏறக்குறைய 300 மில்லி. காதுமடல் பதத்துக்கு 10 நிமிடம் பிசைந்து, மேலே எண்ணெய் தடவி மூடி, குறைந்தது 45 நிமிடம் விடவேண்டும். இந்த ஓய்வைக் குறைத்தால் மாவு இழுக்க இழுக்கச் சுருங்கும், பிறகு கிழியும். வகுப்பில் அவசரப்படுத்தினாலும் இதில் மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள்.

மேசைமேல் துணி விரித்து, 'ஒக்லாகியா' என்ற மெல்லிய நீளக் குழவியால் கொஞ்சம் தேய்த்து, பிறகு மாவுக்கு அடியில் கைகளை விட்டுப் புறங்கையால் நடுவிலிருந்து வெளியே இழுக்க வேண்டும். மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள், நகம் நீளமாக இருந்தால் ஓட்டை விழும். துணியின் பூ மாவுக்கு அடியில் தெரிகிற அளவு மெல்லிசானதும் நிறுத்தலாம். ஓரத்தில் தடித்து நிற்கும் பட்டையைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும், விட்டால் வேகாமல் மாவாகவே கடிபடும். நடுவில் சின்ன ஓட்டை விழுந்தால் பதறி ஒட்டுப்போட வேண்டாம், சுருட்டும்போது மறைந்துவிடும்.

உருளைக்கிழங்கை வேகவைப்பதில்லை. பச்சையாகவே பட்டாணி அளவில் நறுக்கி, வெங்காயமும் மிளகும் சேர்த்து வைத்து, மாவுத்தாளில் பூரணத்தைத் தூவும் நேரத்தில்தான் உப்பைக் கலக்க வேண்டும். முன்னாலேயே உப்புப் போட்டால் நீர்விட்டுத் தாள் ஊறிக் கிழியும். வகுப்பில் பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான். சுருட்டி, தட்டில் நடுவிலிருந்து சுழித்து அடுக்கி, மேலே எண்ணெய் தடவி 220 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். வெளியே எடுத்ததும் கொஞ்சம் வெந்நீரும் எண்ணெயும் கலந்து தெளித்து, துணிபோட்டு 5 நிமிடம் மூடினால் மேல்தாள் பதமாகும். சில இடங்களில் இந்த நேரத்தில் தயிரோ க்ரீமோ ஊற்றுவார்கள், அம்மாவுக்கு அது ஆகும். ஆனால் சுடுவதற்கு முன் மேலே முட்டை தடவும் வீடுகளும் உண்டு. வகுப்புக்குப் பதிவு செய்யும்போதே 'பெஸ் யாயா' என்று எழுதிப் போடுங்கள். அன்றைக்குச் சொன்னால் பூரணம் ஏற்கெனவே கலந்து வைத்திருப்பார்கள்.